இருபத்தைந்து தட்டு

மூன்று இரவு மழை.
நான்காம் நாள் வெயில் வந்து
குவியலின் மேல்தோலை மட்டும் உலர்த்திவிட்டுப் போயிருந்தது.
எண்ணூர் யார்டில், தார்ப்பாய் விலகிய மூலையில்
ஈயத் தாதுப் பொடி
பார்வைக்குக் காய்ந்தே கிடந்தது.

"பவுடரு மாதிரி இருக்கு பாருங்க, ஹெப்சிபா மேடம்."
ஏஜெண்ட் ஜவாஹிர் கையில் சான்றிதழ்:
ஈரம் எட்டு புள்ளி நாலு.
எல்லை ஒன்பது புள்ளி ஒன்று.
தேதி, மழைக்கு முந்தைய செவ்வாய்.
காகிதம் நனையவில்லை.
அதுதான் அதன் குறை.

முழங்கை ஆழம் கையை விட்டேன்.
உள்ளே, ஊறவைத்த அரிசியின் குளிர்.

டப்பா கேட்டேன்.
கேங் மேஸ்திரி கன்னியப்பன்
பெயிண்ட் டப்பா ஒன்றைக் கழுவி
பனியனால் துடைத்து, வெயிலில் காட்டி,
மறுபடி துடைத்துத் தந்தான்.
பாதிவரை நிரப்பி
ஒரு சாண் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில்
தட்.
தட்.
லாரிக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.
யாரோ எண்ண ஆரம்பித்தார்.
பன்னிரண்டில் ஒன்றுமில்லை.
பதினைந்தில் ஜவாஹிர் சிரித்தார்.
பத்தொன்பதில்
முகம் கழுவிவிட்டு வந்த மாதிரி
மினுங்கியது மேற்பரப்பு.
இருபத்தைந்தில் கட்டைவிரல் வைத்தேன்.
பள்ளம் நிற்கவில்லை, மெல்ல மூடிக்கொண்டது.

டப்பாவில் தேறினாலும் அது தேர்ச்சி ஆகாது,
லேப் சொல்ல வேண்டும்.
தவறினால் மட்டும்
அங்கேயே நிறுத்த வேண்டும்.

கடலும் இதைத்தான் செய்யும்.
எண்ணாமல் செய்யும்.
ஐப்பசி வங்காள விரிகுடா
இருபத்தைந்தில் கை ஓய்வதில்லை.
அறைக்குள் மலையாய் நின்றது
மூன்றாம் நாள் கூழாகும்.
கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் கூடவே ஓடும்,
நிமிரும்போது முழுதாய்த் திரும்பி வராது.
அடுத்த அலைக்கு இன்னும் கொஞ்சம்.
ஓட்டை ஒன்றும் விழாமலே
ஒரு கப்பல் கவிழலாம்.

"அதெல்லாம் சரி மேடம்,
முன்னாடி ஏத்துன ரெண்டாம் நம்பர் அறைய எட்டிப் பாத்தேன்,
காவாசி கூட ரொம்பல.
துட்டு குடுத்த எடம் சும்மா கெடக்குதே?"
கன்னியப்பனின் சந்தேகம் நியாயமானது.
இடம் தீருமுன்பே கனம் தீர்ந்துவிடும் சரக்கு இது.
தலையாட்டி பொம்மையைத் தள்ளியிருக்கிறாயா என்றேன்.
"வெடுக்குனு எழுந்துக்கும்."
அந்த வெடுக்கில்தான்
கட்டு அறும், ஆள் விழுவான், எலும்பு போகும்.
கனம் மொத்தமும் அடியில் கிடந்தால்
கப்பலும் கோபமாகத்தான் நிமிரும்.
அதனால்தான் அறைகளுக்குப் பகிர்ந்து,
குவியலைச் சுவரிலிருந்து சுவர் வரை பரப்பி,
அடிக்குழிக்குச் சாக்கு கட்டி...

"மூடி வச்ச அறைக்குள்ள மீட்டர் இல்லாம எறங்காத,
இந்தப் பொடி காத்தையும் தின்னும்" என்று முடித்தவன் அவன்.
அவனுக்கு அது தெரிந்த விதத்தை நான் கேட்கவில்லை.
ஏணி வாயில் அவன் கட்டிய சிவப்புக் கயிற்றில்
தேவைக்கு மேல் மூன்று முடிச்சு.

ஜவாஹிர் தள்ளிப் போய்ப் போன் பேசினார்.
காத்திருக்கும் கப்பலுக்கு நாளொன்றுக்குப் பதினோரு லட்சம்.
"ஒரு பெயிண்ட் டப்பாவுக்காகவா?"
யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை
என்னிடம் திரும்பிக் கேட்கவில்லை.
வரும்போது கத்திவாக்கத்துக் கடை டீ இரண்டு கொண்டுவந்தார்.
ஒன்றில் சர்க்கரை இல்லை.
நினைவு வைத்திருக்கிறார்.

தலைமை அதிகாரி ரோமுலோ இறங்கி வந்தான்.
எதுவும் பேசவில்லை.
புதுப் பிடி அள்ளி டப்பாவில் போட்டு
அவனே தட்டினான்.
இருபத்தைந்து வரை போகவில்லை.
மேலே, தளத்தில், கொடியில் துணி காய்ந்தது:
ஒரு மஞ்சள் டி-சட்டை,
ஜோடி இல்லாத காலுறைகள் நிறைய.
கப்பலில் இருபத்தொரு பேர்.
எனக்குப் பெயர் தெரிந்தது ஒருவனை மட்டும்.

மாதிரிகளைப் பையில் இறுக்கிச் சீல் வைத்தேன்,
வழியில் உலர்ந்து பொய் சொல்லாதிருக்க.
ராயபுரம் லேப் அடுப்பு இரவெல்லாம் எரியும்.
படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்தான்.
ஏற்றக் கூடாது என்று எழுதினேன்.
பேனா சரியாக எழுதவில்லை,
மேலேயே இன்னொரு முறை எழுதினேன்.

மணலிப் பக்கம் மறுபடி கறுத்திருந்தது வானம்.
கன்னியப்பன் ஆட்களைக் கூப்பிட்டான்,
தார்ப்பாயின் அந்த மூலையை இழுக்க.